எண்பதா, அறுபதா? – கார் ஒலி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்குமேல், அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கராகிய சப் ஊஃபரையும் கதவு ஸ்பீக்கரையும் எந்த அதிர்வெண்ணில் (ஹெர்ட்ஸில்) பிரிப்பது, அதாவது கிராஸ்ஓவரை எங்கே வைப்பது என்பதைப் பற்றியே இருந்தன. ஆகவே பேட்டரி, வயரிங் பற்றிய கடிதங்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் காரின் முன்கதவுகளில் ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்களும், டிக்கியில் மூடிய பெட்டிக்குள் 12 அங்குல சப் ஊஃபரும் இருக்கின்றன. பொருத்திக் கொடுத்தவர் கிராஸ்ஓவரை 60 ஹெர்ட்ஸில் வைத்தார். நண்பர் ஒருவர் 80தான் சரி என்கிறார். என் மைத்துனரோ 100க்கு மேல் வைத்தால்தான் பாட்டுக்கு உயிர் வரும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மூவரும் எண்ணைச் சொல்கிறார்கள், எந்தக் கதவு, எந்த ஸ்பீக்கர் என்று மூவருமே கேட்கவில்லை. கிராஸ்ஓவர் எண்ணைத் தீர்மானிப்பது டிக்கியில் இருக்கும் பெரிய சப் ஊஃபர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அதைத் தீர்மானிப்பது கதவு. கதவு ஸ்பீக்கரால் சிரமமின்றி எவ்வளவு கீழே இறங்கிப் பாட முடியும் என்பதை முதலில் கண்டுகொண்டு, அது நிற்கும் இடத்தில் சப் ஊஃபரைக் கொண்டுவந்து சேர்ப்பதே முறை.

சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தைக் கேட்டிருப்பீர்கள். அதில் உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு மகுடங்கள் (தோல் வாத்தியங்கள்) ஒலிக்கும். ஒன்று மேலே நிற்கும், மற்றொன்று கீழே நிற்கும். ஆனால் கேட்பவர் காதில் ஒரே அடியாகத்தான் விழும். கதவு ஸ்பீக்கரும் சப் ஊஃபரும் அவ்வாறு வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் கதவின் பக்கம் ஹை பாஸ் என்னும் வடிகட்டி, குறித்த எண்ணுக்குக் கீழுள்ள ஒலியைப் படிப்படியாகக் குறைக்கிறது. டிக்கியின் பக்கம் லோ பாஸ் என்னும் வடிகட்டி, குறித்த எண்ணுக்கு மேலுள்ளதைக் குறைக்கிறது. இரண்டும் கத்தியால் வெட்டியதுபோல் ஒலியை நிறுத்துவதில்லை, சரிவாகவே இறக்குகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்திற்கான விடையில் அது தேவைப்படும்.

கதவு ஸ்பீக்கர் ஏன் கீழே இறங்கத் திணறுகிறது? ஒரே அளவு சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்ப வேண்டுமானால், ஸ்பீக்கரின் முகத்தில் அதிரும் கோன் முன்னும் பின்னும் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கோன், 40 ஹெர்ட்ஸில் அதே சத்தத்திற்கு நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டியிருக்கும். ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு அவ்வளவு தூரம் சுத்தமாக ஓடும் வசதி கிடையாது. 12 அங்குல சப் ஊஃபருக்கோ கோன் பரப்பே மூன்றரை மடங்குக்குக் கிட்ட இருக்கிறது. நீண்ட ஓட்டத்திற்கென்றே அதன் ஓரமும், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்தப் பளுவை அதனிடம் தள்ளிவிடுவதுதான் நியாயம்.

இது கார் ஒலிக்கு மட்டும் உரிய ஞானமன்று. கொடை விழாக்களுக்கு மைக் செட் கட்டியவர்கள், குழாய் ஒலிபெருக்கிக்குள் தவிலின் தொப்பி (அடி ஒலி தரும் பக்கம்) எழுப்பும் ஒலி முழுதாகப் போனால் உள்ளிருக்கும் தகடு தாங்காது என்பதை அறிந்து, அதற்கு வரும் ஒயரில் ஒரு கன்டென்சரைத் தொடராகக் கோத்துவிடுவார்கள். அந்தக் கன்டென்சர் ஒரு ஹை பாஸ்தான். அவர்கள் அதை அந்தப் பெயரால் அழைக்கவில்லை, அவ்வளவே.

இப்போது உங்கள் கதவுக்கு வருவோம். சப் ஊஃபரின் சத்தத்தை முழுவதும் இறக்கிவிடுங்கள். கதவு ஸ்பீக்கரின் ஹை பாஸை 80 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் சரிவில் வையுங்கள். நன்றாகப் பழகிய, அடித்தாளம் உள்ள ஒரு பாட்டை, நீங்கள் வழக்கமாகக் கேட்கக்கூடிய மிக உயர்ந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். இனி 5 ஹெர்ட்ஸ் வீதம் எண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் அடி ஒலியின் வடிவம் கெட்டு, 'டம்' என்று கேட்டது 'பொத்' என்று கேட்கத் தொடங்கும். சில வேளை கதவுத் தகடே கடகடக்கும். அங்கிருந்து 10 ஹெர்ட்ஸ் மேலே ஏறி நில்லுங்கள். அதுதான் உங்கள் எண். நல்ல ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் 70க்கும் 80க்கும் இடையில் வரும். ஐந்தேகால் அங்குலத்துக்கு 90, 100 என்றும், டேஷ்போர்டில் இருக்கும் நாலங்குலத்துக்கு 120க்கு மேலும் வரக்கூடும். எட்டங்குல மிட்பாஸ் ஸ்பீக்கரைக் கதவில் வைத்திருப்பவர்கள் 60 வரையும் இறங்கலாம்.

உங்கள் எண் 100க்குக் கீழே இறங்கவே மறுக்கிறது என்றால், ஸ்பீக்கரைப் பழிக்குமுன் கதவைப் பாருங்கள். கதவின் உள்தகட்டில் தொழிற்சாலையே விட்டிருக்கும் பெரிய ஓட்டைகள் உண்டு. கோன் முன்னால் தள்ளும் காற்றும், பின்னால் இழுக்கும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன; அடி ஒலியில்தான் இந்த இழப்பு மிகுதி. ஓட்டைகளை உறுதியான தகடு கொண்டு மூடி, அதன்மேலும் வெளித்தகட்டின் உட்புறத்திலும் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால், அதே ஸ்பீக்கர் புதிதாக வாங்கியதுபோல் பாடும். மழைநீர் வடியும் துளைகளை மட்டும் கதவின் அடியில் திறந்தே விட்டுவிடுங்கள். புதிய ஸ்பீக்கருக்குச் செலவிட எண்ணும் பணத்தை முதலில் இதில் செலவிடுமாறு கடைக்கு வரும் தம்பிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்; நான்கில் மூவர் கேட்பதில்லை.

கதவின் எண் கிடைத்தபின், சப் ஊஃபரின் லோ பாஸை அதே எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். காரின் உட்புறம் சிறிய, மூடிய அறை. ஒலி அலையின் பாதி நீளம் அந்த அறையின் நீளத்தைவிடப் பெரிதாகும்போது, அறையே அடி ஒலியைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். உள்நீளம் 2.7 மீட்டர் என்று கொண்டால், இது ஏறத்தாழ 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிகழும். இந்த இலவச உதவி இருப்பதால், பல கார்களில் கதவு 80 என்றும் சப் ஊஃபர் 65 அல்லது 70 என்றும் சிறிது இடைவெளி விட்டு வைப்பதே இரண்டையும் 80இல் வைப்பதைவிடச் சீராகக் கேட்கிறது. எண்கள் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி ஏதுமில்லை.

பொருத்தியவர் 60இல் வைத்தது கதவுக்கும் சேர்த்தா, சப் ஊஃபருக்கு மட்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. சப் ஊஃபருக்கு மட்டுமென்றால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கதவுக்கும் 60 என்றால் சற்று உயர்த்துங்கள்: 80க்குப் பதில் 60இல் பாட வைத்தால் கோனின் ஓட்டம் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. என் சொந்தக் காரில் கதவை 50இல் வைத்துக்கொண்டு, 'பார், எவ்வளவு கீழே இறங்குகிறது' என்று பெருமை பேசிய நாள்கள் உண்டு. பாபநாசம் போய்த் திரும்பிய ஒரு கோடையில் வலக்கதவு ஸ்பீக்கரின் காயில் உரசத் தொடங்கி, வீடு சேர்வதற்குள் கரகரவென்று அடங்கிவிட்டது. பிழை முழுவதும் என்னுடையதே. மைத்துனரின் 100ஐப் பற்றி அடுத்த விடையில் காண்க.

கேள்வி: பாடுபவர் முன்னால் இருப்பதுபோல் கேட்க வேண்டும் என்று உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டரையெல்லாம் கண்ணாடி ஓரம் மாற்றிவிட்டேன். ஆனாலும் ஆண்குரல் பாட்டு வந்தால் பாதிக் குரல் டிக்கியிலிருந்து வருகிறது. சப் ஊஃபரின் லோ பாஸ் 120இல், 12 டெசிபல் சரிவில் இருக்கிறது.
– வாசகர், தென்காசி

பதில்: கேள்வியின் கடைசி வரியிலேயே விடையும் இருக்கிறது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பலருக்கு 100, 120 என்று அமைகிறது. லோ பாஸை 120இல், அல்லது முதல் கடிதத்து மைத்துனர் சொன்னதுபோல் 100க்கு மேல் வைத்தால் அந்தக் குரலின் அடிப்பகுதியை நாமே டிக்கியிடம் ஒப்படைத்தவர்களாகிறோம்.

அத்தோடு சரிவையும் பாருங்கள். நம் சங்கீதத்தில் ஸ்தாயி என்று சொல்வதைத்தான் இவர்கள் ஆக்டேவ் என்கிறார்கள். மத்திம ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி ஸட்ஜத்துக்குப் போனால் அதிர்வெண் இரு மடங்காகிறது அல்லவா, அந்த இடைவெளிதான். 12 டெசிபல் சரிவு என்றால், 120இல் வைத்த வடிகட்டி 240 ஹெர்ட்ஸை 12 டெசிபல் மட்டுமே குறைத்திருக்கும். அதாவது மின்னழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு இன்னும் சப் ஊஃபருக்குப் போய்க்கொண்டிருக்கும். குரலின் ஒரு பகுதியே அங்கே கசிகிறது. 24 டெசிபல் சரிவில் அது பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. 80 ஹெர்ட்ஸின் அலை 4.3 மீட்டர் நீளமுள்ளது. அவ்வளவு நீண்ட அலை இரண்டு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரேபோல்தான் வந்து சேர்கிறது. அதனால் லோ பாஸை 70க்கும் 80க்கும் இடையில், 24 டெசிபல் சரிவில் வைத்துவிட்டால், டிக்கியின் ஒலி முன்கதவுகளின் ஒலியோடு ஒட்டிக்கொண்டு, முன்னாலிருந்து வருவதுபோலவே தோன்றும்.

சோதிப்பதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். கதவு ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, சப் ஊஃபரை மட்டும் பாடவிடுங்கள். பாட்டின் ஒரு வார்த்தையாவது புரிந்தால் லோ பாஸ் இன்னும் இறங்க வேண்டும். தாளம் தெரியலாம், எந்தப் பாட்டு என்று ஊகிக்கவும் முடியலாம். சொல் புரியக் கூடாது.

இதைச் செய்தபின்னும் பின்னாலிருந்து கேட்கிறது என்றால், சப் ஊஃபரை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டைப் பிடித்துப் பாருங்கள். அடி ஒலி தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காவிட்டாலும், அதனால் அதிரும் நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும் பின்சீட்டு பெல்ட் கொக்கியும் காட்டிக்கொடுத்துவிடும். தகட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு ஃபோம் வைத்து இறுக்கினால் சில கார்களில் பிரச்சினையே தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: கதவு 80, சப் ஊஃபர் 80, இரண்டும் 24 டெசிபல் சரிவு. எல்லாம் நூலில் உள்ளபடி. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் அடி ஒலியில் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் இருக்கிறது. பின்சீட்டில் அமரும் என் தம்பி நன்றாகவே இருக்கிறது என்கிறான். சப் ஊஃபரை அணைத்தால் சில பாட்டுகளில் அடி கூடுவதுபோலும் தோன்றுகிறது. இது எப்படி நடக்கும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நடக்கும். உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம். கிராஸ்ஓவர் எண்ணில் கதவும் டிக்கியும் ஒரே ஒலியை எழுப்புகின்றன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்றும் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை: ஆள் எத்தனை பேர் என்பதைவிட, எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்கிறார்களா என்பதுதான் தேரை நகர்த்துகிறது.

முதலில் வடிகட்டியின் பங்கு. எந்த வடிகட்டியும் ஒலியைக் குறைப்பதோடு நிற்பதில்லை, அதைச் சிறிது தாமதப்படுத்தி ஃபேஸையும், அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலையையும், திருப்புகிறது. கதவுக்கும் சப் ஊஃபருக்கும் 12 டெசிபல் சரிவில் ஒரே எண்ணை வைத்தால், அந்த எண்ணில் இரண்டும் 180 பாகை விலகி, நேரெதிராக நிற்கின்றன. அங்கே ஒன்றின் இணைப்பைத் தலைகீழாக்குவதுதான் முறையாகும். 24 டெசிபலில் விலகல் 360 பாகையாகிச் சுற்றி வந்துவிடுவதால் மீண்டும் ஒன்றுபடுகின்றன. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரு பொறியாளர்கள் 1976இல் விளக்கிய வடிகட்டி இந்த வகைதான்: கிராஸ்ஓவர் எண்ணில் இரு பக்கமும் 6 டெசிபல் குறைந்து, ஒரே ஃபேஸில் கூடி, கூட்டுத்தொகை மேடும் பள்ளமும் இல்லாமல் அமைகிறது. டேஷ்போர்டிலுள்ள உங்கள் ஹெட் யூனிட்டில் 'எல்.ஆர்.' என்று குறித்திருப்பது இவர்களுடைய முதலெழுத்துகள். 'பி.டபிள்யூ.' என்று இருந்தால் அது 1930இல் பட்டர்வொர்த் என்பவர் வெளியிட்ட வடிகட்டி. அதில் குறித்த எண்ணில் 3 டெசிபல் மட்டுமே குறையும். அதனால் 24 டெசிபல் சரிவில் இரு பக்கமும் அதை வைத்தால் கூடும் இடத்தில் 3 டெசிபல் மேடு விழும்.

அப்படியானால் 24 வைத்த உங்களுக்கு ஏன் பள்ளம்? தூரம்தான் காரணம். நம் காரில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும், டிக்கியிலுள்ள சப் ஊஃபர் 230 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.4 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. ஆகவே சப் ஊஃபரின் ஒலி 4 மில்லிநொடி பிந்தி வருகிறது. 80 ஹெர்ட்ஸின் ஒரு முழு அலைக்கு 12.5 மில்லிநொடி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அலை அளவுக்குப் பிந்தினால் இரண்டும் எப்படி ஒன்றாகக் கூடும்? உங்கள் தம்பி பின்சீட்டில் அமர்வதால் அவருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறு.

இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு. ஹெட் யூனிட்டிலோ, ஒலியைத் திருத்தும் தனிக்கருவியான டி.எஸ்.பி.யிலோ டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனித் தாமதம் கொடுக்கும் வசதி) இருந்தால், தொலைவில் உள்ள சப் ஊஃபருக்குச் சுழியமும், வலக்கதவுக்கு 4 மில்லிநொடியும், 140 சென்டிமீட்டரில் இருக்கும் இடக்கதவுக்கு 2.6 மில்லிநொடியும் தாமதம் கொடுங்கள். அருகில் இருப்பவரைக் காத்திருக்க வைக்கிறோம், அவ்வளவே. பின்பு 80 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி ஒன்றை ஓடவிட்டு, நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் தலையை அசைக்காமல் அமர்ந்துகொண்டு, சப் ஊஃபரின் ஃபேஸை 0 என்றும் 180 என்றும் மாற்றி மாற்றி வைக்குமாறு தம்பியிடம் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. ஃபேஸ் சுவிட்ச் இல்லாத ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்றால், ஆம்பை அணைத்துவிட்டு, பெட்டிக்குச் செல்லும் பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றி மாட்டினால் அதே பலன்தான்.

அளவுநாடா சொல்லும் தாமதம் தொடக்கப்புள்ளி மட்டுமே. பெட்டியும் ஆம்பும் காரின் உட்புறமும் தத்தம் பங்குக்கு ஃபேஸைத் திருப்புவதால், அரை மில்லிநொடி வீதம் கூட்டிக் குறைத்துப் பார்த்து, அடி ஒலி முன்கண்ணாடியை நோக்கி நகர்ந்து வந்து இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தக் கணக்கு ஒரே ஓர் இருக்கைக்குத்தான் பொருந்தும் என்பதால், குடும்பத்தோடு செல்லும்போது வேறொரு பதிவை நினைவகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையெனில் பள்ளம் வீட்டுக்கார அம்மாவின் இருக்கைக்குக் குடிபோய்விடும். அதன் விளைவுகளை நான் எழுத வேண்டியதில்லை.

சரிவை எப்போது மாற்றினாலும் ஃபேஸை மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: ஹெட் யூனிட்டிலும் கிராஸ்ஓவர் இருக்கிறது, ஆம்பிலும் இருக்கிறது. இரண்டையும் போட்டால் இரட்டைப் பாதுகாப்புத்தானே?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கணக்கு அப்படி வராது. இரண்டு வடிகட்டிகள் தொடராக நின்றால் சரிவும் இரட்டிக்கும். 12 டெசிபல் பட்டர்வொர்த் இரண்டைச் சரியாக ஒரே எண்ணில் கோத்தால் 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலியே கிடைக்கிறது. அதைக் கதவுக்கும் சப் ஊஃபருக்கும் ஒரேபோல் செய்தால் குறையொன்றுமில்லை. ஆனால் ஆம்பின் குமிழைச் சுற்றி அச்சிட்டிருக்கும் 50, 80, 120 என்ற எண்களை அவ்வளவு நம்ப முடியாது. 80இல் நிற்பதாக நீங்கள் எண்ணும் குமிழ் உண்மையில் 70இலோ 95இலோ நிற்கலாம். அப்போது ஒரு பக்கம் ஒருவிதச் சரிவும் மறுபக்கம் வேறுவிதச் சரிவுமாகி, அம்பாசமுத்திரம் வாசகருக்கு ஏற்பட்டது உங்களுக்கும் ஏற்படும்.

ஹெட் யூனிட்டில் எண் துல்லியமாகத் தெரிவதால் அதையே பயன்படுத்துங்கள். சப் ஊஃபர் ஆம்பின் லோ பாஸ் குமிழை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். கதவு ஆம்பில் மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன்: அதன் ஹை பாஸை அணைக்காமல் 40 ஹெர்ட்ஸ் அளவில் விட்டு வையுங்கள். 80இல் நடக்கும் வேலையை அது பெரிதாகத் தொடாது. ஆனால் மெக்கானிக் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில ஹெட் யூனிட்டுகள் எல்லா அமைப்பையும் மறந்து, கதவுக்கு முழு ஒலியையும் அனுப்பிவிடும். அன்றைக்கு அது கைகொடுக்கும். அமைத்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தக நகலோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: டிக்கியில் இடமில்லாததால் சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டங்குல சப் ஊஃபர் வாங்கியிருக்கிறேன். எதில் பிரிப்பது?
– வாசகி, திசையன்விளை

பதில்: 80இல் தொடங்கி 100 வரை தயங்காமல் ஏறலாம், அம்மா. அது உங்கள் அருகிலேயே இருப்பதால் பின்னாலிருந்து ஒலிக்கிறது என்ற குறை எழாது. சிறிய பெட்டி என்பதால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் எதையும் எதிர்பார்க்கவும் வேண்டாம். கடலுக்கு அருகிலுள்ள ஊர் ஆதலால் ஆம்ப் இணைப்புகளை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்துவிடும்.

கேள்வி: சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். குற்றாலம், திருச்செந்தூர் சவாரிக்கு வரும் பையன்களுக்கு அடி பலமாக இருக்க வேண்டும். துளை வைத்த பெட்டியில் இரண்டு சப் ஊஃபர் போட்டு, அடி ஒலியைத் தூக்கும் பாஸ் பூஸ்டை முழுதாக ஏற்றியிருக்கிறேன். இரண்டாவது முறையாகக் காயில் கருகிவிட்டது. கிராஸ்ஓவரை மாற்றினால் தீருமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: தீரும், ஆனால் நீங்கள் எண்ணும் முனையில் அன்று. இதுவரை மேல்முனையைப் பற்றியே பேசினோம். உங்கள் சிக்கல் கீழ்முனையில் இருக்கிறது. மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று கோனுக்கு ஸ்பிரிங்போல் நின்று தடுக்கும். துளைப் பெட்டியில், அது எந்த அதிர்வெண்ணுக்கு ஏற்பச் செய்யப்பட்டதோ அதற்குக் கீழே போனால், காற்று துளைவழியே தாராளமாகப் போய்வந்துவிடுவதால் கோனைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. சத்தம் வராது, ஆனால் ஓட்டம் மட்டும் கூடும். இதற்காகத்தான், குறித்த எண்ணுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் சப்சானிக் என்ற குமிழ் ஆம்பில் இருக்கிறது. பெட்டி 35 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டதென்றால் அதை 30இல் வையுங்கள். பெட்டி செய்தவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் அடுத்த பெட்டியை வேறொருவரிடம் செய்வதே நல்லது.

பாஸ் பூஸ்டை இன்றே சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். 12 டெசிபல் ஏற்றுவதென்றால் அந்த இடத்தில் பதினாறு மடங்கு மின்சக்தி கேட்கிறீர்கள் என்று பொருள். ஆம்பிடம் அது இருக்காது. இல்லாததைக் கேட்கும்போது அலையின் தலை தட்டையாகி, காயில் ஓய்வின்றிச் சூடேறுகிறது. நீங்கள் முகர்ந்த வாடை அதுதான்.

வேனுக்கு மேல்முனையிலும் ஒரு வேறுபாடு உண்டு. உள்நீளம் 4 மீட்டர் என்றால், அறை தரும் இலவச உதவி 43 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்கும். ஆகவே காருக்குச் சொன்ன இடைவெளி உங்களுக்கு வேண்டாம். சப் ஊஃபர், பக்கவாட்டு ஸ்பீக்கர் இரண்டையும் 90 அளவில் ஒன்றாகவே வையுங்கள். பயணிகள் நாற்புறமும் அமர்ந்திருப்பதால் முன்னாலிருந்து கேட்க வேண்டும் என்ற கவலையும் இல்லை. பூஸ்ட் இல்லாமலேயே பையன்கள் மகிழ்ச்சியாக ஆடுவார்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கும்போது அளவாக இருக்கும் அடி ஒலி, நான்குவழிச் சாலையில் ஏறியதும் காணாமல் போகிறது. லோ பாஸை உயர்த்தலாமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: உயர்த்தாதீர்கள். டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் அடி அதிர்வெண்களே மிகுதி என்பதால், அவை சப் ஊஃபரின் ஒலியை மூடிவிடுகின்றன. காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்று எதிர்த்து வீசும்போது கேட்கவே வேண்டாம். எண்ணை மாற்றினால் குரல் பின்னால் போய்விடும், மூடிய ஒலி மூடியபடியே இருக்கும். கிராஸ்ஓவரைத் தொடாமல், ஹெட் யூனிட்டில் சப் ஊஃபரின் அளவை மட்டும் 3 டெசிபல் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் வந்ததும் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: இவற்றையெல்லாம் கைபேசிச் செயலி கொண்டு அளந்துகொள்ளலாமா?
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பேச்சைப் பதிவு செய்வதற்கென்றே அமைந்த கைபேசி மைக்குகள் பலவும் அடி ஒலியைத் தாமாகவே வெட்டிவிடுகின்றன. அதன் வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸ் குறைவாகத் தெரிவதைக் கண்டு சப் ஊஃபரை ஏற்றிக்கொண்டே போனால் காதுதான் வலிக்கும். ஆனால் கைபேசியைத் தலை இருக்கும் இடத்தில் அசையாமல் பொருத்தி, 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஃபேஸை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எது கூடுதல் என்று பார்ப்பதற்கு அது போதும். இரண்டு அளவீட்டிலும் மைக் செய்யும் பிழை ஒன்றே ஆதலால் வித்தியாசம் உண்மையாகவே இருக்கும். ஏ.சி.யையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிக்கொண்டு அளவெடுங்கள். பங்குனி வெயிலில் அதைப் பகலில் செய்ய முயல வேண்டாம்.